தூணில்லாக் கூடம்: சிகாகோ கிரௌன் ஹாலின் கட்டமைப்பும் அது எழுந்த நிலமும்

சிகாகோ நகரின் தென்பகுதியில், இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் நிற்கும் எஸ். ஆர். கிரௌன் ஹால், இருபதாம் நூற்றாண்டு நவீனக் கட்டடக்கலை கல்வி நிலையங்களுக்குத் தந்த கட்டடங்களுள் முதன்மையானது. 1950க்கும் 1956க்கும் இடையில் உருப்பெற்ற இக்கட்டடத்தை வடிவமைத்தவர் லுட்விக் மீஸ் வான் டெர் ரோ (1886–1969). கட்டடக்கலைத் துறைக்கென்றே எழுப்பப்பட்ட இதன் மேல்தளம் 120 அடி அகலமும் 220 அடி நீளமும் 18 அடி உயரமும் கொண்ட ஒரே கூடம்; 26,400 சதுர அடிப் பரப்பில் ஒரு தூண்கூட நடுவில் இல்லை. இந்த வெளியைத் தனியொரு மேதையின் முடிவான சாதனையாகக் காணும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆனால் வளாகத்தின் வரலாற்றைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால், அந்த வெறுமை இரண்டு தனித்தனிச் செயல்களால் உண்டாக்கப்பட்டது என்பது புலப்படும். கூரையைத் தாங்கும் உத்திரங்களைக் கூரைக்கு மேலே கொண்டுபோனது ஒன்று. அறுபது ஆண்டுகளாக அந்த மனையில் நின்று, நூற்றுக்கணக்கான மக்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்பை அப்புறப்படுத்தியது மற்றொன்று. முதலாவது கட்டடக்கலை வரலாற்றிலும் இரண்டாவது நகர வரலாற்றிலும் எழுதப்பட்டு, இரண்டும் வெவ்வேறு அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றை ஒரே கட்டடத்தின் வரலாறாகச் சேர்த்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடத்திட்டமும் கட்டமும்

ஜெர்மனியின் ஆகன் நகரில் கல்தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த மீஸ், 1930இல் பௌஹவுஸ் கலைப்பள்ளியின் மூன்றாவது இயக்குநராகப் பொறுப்பேற்று, நாஜிகளின் நெருக்கடியால் 1933இல் அது மூடப்படும்வரை அதை நடத்தியவர். 1929இல் பார்சலோனா கண்காட்சியில் அவர் எழுப்பிய ஜெர்மன் மண்டபமே, சுவர் வேறு, கூரையைத் தாங்கும் தூண் வேறு என்று இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டது. ஆயினும் அங்கே தூண்கள் அறைக்குள்ளேதான் நின்றன என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். 1938இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து ஆர்மர் தொழில்நுட்பக் கழகத்தின் கட்டடக்கலைத் துறைத் தலைவரானபோது, பௌஹவுஸில் உடன் பணியாற்றிய லுட்விக் ஹில்பர்சைமரையும் வால்ட்டர் பீட்டர்ஹான்ஸையும் அவர் அழைத்துக்கொண்டார். 1940இல் ஆர்மர் கழகமும் லூயிஸ் கழகமும் இணைந்து இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஆயின.

மீஸ் அங்கே முதலில் வகுத்தது கட்டடத்தை அன்று, பாடத்திட்டத்தை. கோடு இழுக்கும் பயிற்சியில் தொடங்கி, மரம், கல், செங்கல் ஆகிய பொருள்களால் எப்படிக் கட்டுவது என்று கற்று, பிறகு எஃகுக்கும் கான்கிரீட்டுக்கும் வந்து, அதற்கும் பிறகே வீடு, பள்ளி, நகரம் என்று பெரிய வடிவமைப்புகளுக்குச் செல்லவேண்டும் என்பது அதன் ஒழுங்கு. ஒரு செங்கல்லின்மேல் இன்னொரு செங்கல் எப்படி அமர்கிறது, சுவர் திரும்பும் மூலையில் அந்த அடுக்கு எவ்வாறு மாறுகிறது என்பதை வரைந்து காட்டத் தெரியாத மாணவர் ஒரு வீட்டின் வரைபடத்துக்குப் போகக்கூடாது என்ற இந்தக் கண்டிப்பு, கற்பித்தல் முறை என்ற அளவில் நின்றுவிடவில்லை. பின்னர் வந்த வளாகக் கட்டடங்கள் ஒவ்வொன்றும் இப்பாடத்திட்டத்தின் ஓர் அத்தியாயம்போலவே கட்டப்பட்டன.

வளாகத்தின் முழுத் திட்டமும் ஏறத்தாழ அதே காலத்தில் அவரிடம் வந்தது. நிலம் முழுவதன்மீதும் 24 அடிக்கு ஒரு கோடு வீதம் நீளத்திலும் அகலத்திலும் கட்டங்களை வரைந்து, தூண்கள் எல்லாம் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் நிற்கவேண்டும், உயரம் 12 அடி அளவில் கணக்கிடப்படவேண்டும் என்று அவர் வகுத்துக்கொண்டார். ஓர் ஆய்வுக்கூடமோ வகுப்பறையோ இக்கட்டங்களைச் சேர்த்தும் பிரித்தும் அமைக்கப்படலாம். எதிர்காலத்தில் எந்தக் கட்டடம் எப்போது வரும், எந்தத் துறை வளரும் என்று தெரியாத நிலையில், பல ஆண்டுகள் இடைவெளி விட்டு எழும் கட்டடங்களும் ஒரே ஒழுங்கில் நிற்பதற்கு இது வழி செய்தது. கோயில் கட்டும் சிற்பி ஒரு முழக்கோலை அடிப்படையாகக் கொண்டு பாதம் முதல் சிகரம் வரை அளவுகளைப் பெறுவதைப்போல, இங்கே 24 அடி எல்லா அளவுகளுக்கும் தாயாக இருந்தது.

மூலையில் ஒளிந்த தூண்

இக்கட்டத்தின்மேல் முதலில் எழுந்தது, போர்க்கால ஆய்வுத் தேவைகளுக்காக 1943இல் முடிக்கப்பட்ட கனிம, உலோக ஆய்வுக் கட்டடம். அமெரிக்காவில் மீஸ் கட்டிய முதல் கட்டடமும் அதுவே. ஆனால் கிரௌன் ஹாலின் பிறப்பைப் புரிந்துகொள்ள உதவுவது 1946இல் முடிந்த அலும்னை மெமோரியல் ஹால். அதன் ஒரு மூலையைப்பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, முழுக் கட்டடங்கள் பலவற்றைப்பற்றிக்கூட எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

பல மாடிக் கட்டடங்களில் எஃகுத் தூணை வெறுமனே விட சிகாகோவின் தீத்தடுப்பு விதிகள் இடம் தரவில்லை. எஃகு தீப்பற்றி எரிவதில்லை என்றாலும் கடும் வெப்பத்தில் வலுவிழந்து வளைந்துவிடும். ஆகவே தூணைச் சுற்றிக் கான்கிரீட் பூசி மூடவேண்டும். கட்டடத்தைத் தாங்குவது எதுவோ அது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று கற்பித்தவருக்கு இது பெரிய இடையூறு. மீஸ் விதியை ஏற்றுத் தூணைக் கான்கிரீட்டுக்குள் மறைத்தார். அதன்மேல் எஃகுத் தகடு பொதிந்து, வெளிப்புறத்தில் ஐ வடிவ எஃகுச் சட்டங்களைப் பற்றவைத்தார். பார்வைக்குத் தெரியும் எஃகு கூரையின் சுமையைத் தாங்குவதில்லை. தாங்கும் எஃகு பார்வைக்குத் தெரிவதில்லை. வெளியே தெரிவது உள்ளே இருப்பதைச் சுட்டும் ஓர் அடையாளம் மட்டுமே. இதை ஒளிவுமறைவு செய்ய அவர் விரும்பவில்லை என்பதற்கு அந்த மூலையே சான்று: வெளிச்சட்டம் தரைவரை இறங்காமல், செங்கல் அடிவரிசைக்கு மேலேயே நின்றுவிடுகிறது. நிலத்தைத் தொடாத ஒன்று எதையும் தாங்க முடியாது என்பதை அது பார்ப்பவருக்குச் சொல்லிவிடுகிறது.

இத்தீர்வு நேர்மையானது; ஆனாலும் தீர்வுதான், விடை அன்று. சுட்டாமல் நேராகவே காட்டவேண்டுமானால், விதி இடம் தரும் வேறு வகைக் கட்டடம் தேவைப்பட்டது. ஒரே தளம் கொண்ட கட்டடத்துக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. கிரௌன் ஹால் ஒரே தளமாக, அதன் கீழ் பாதி நிலத்துக்குள் புதைந்த அடித்தளத்துடன் அமைந்ததற்குப் பின்னால் அழகியல் காரணங்களோடு இந்த விதியும் நின்றது. கலைவடிவம் ஒன்றின் பிறப்பில் நகராட்சி விதிக்கும் பங்குண்டு என்பது சிறுமையான செய்தி அன்று. கட்டடக்கலை மற்றக் கலைகளிலிருந்து வேறுபடும் இடமே அதுதான்.

உத்திரம் மேலே சென்ற வரலாறு

தூண்களைக் கூடத்திலிருந்து வெளியேற்றும் எண்ணம் வளாகத்துக்கு வெளியே, பெரும்பாலும் கட்டப்படாத திட்டங்களில், தனியாக வளர்ந்து வந்தது. 1942இல், ஆல்பர்ட் கான் வடிவமைத்த விமானத் தொழிற்சாலை ஒன்றின் உட்புற ஒளிப்படத்தை எடுத்து, அதன்மேல் வண்ணத் தாள்களைச் சுவர்களாகவும் தொங்கும் தளங்களாகவும் ஒட்டி, ஓர் இசையரங்கத்தின் கற்பனையை மீஸ் உருவாக்கினார். விமானம் திரும்புவதற்காக அமைத்த அகலமான தூணில்லா வெளி, மனிதர் கூடுவதற்கும் பொருந்தும் என்று அந்த ஒட்டுப்படம் சொன்னது. பிறகு இண்டியானாபோலிஸ் நகரின் சாலையோர உணவகம் ஒன்றுக்காக அவர் வரைந்த, கட்டப்படாமலே போன திட்டத்தில், கூரைக்கு மேலே பெரிய எஃகுச் சட்டகங்கள் நின்று கூரையைத் தூக்கிப் பிடித்தன. 1951இல் முடிந்த ஃபார்ன்ஸ்வொர்த் வீட்டில் தூண்கள் கூரையின் விளிம்புக்கு வெளியே வந்து நின்றன. இம்மூன்றும் ஒன்றுசேர்ந்த இடம் கிரௌன் ஹால்.

அதன் அமைப்பு எளியது. கட்டடத்தின் அகலத்தைக் கடந்து நான்கு தகட்டுக் கர்டர்கள் செல்கின்றன. தகட்டுக் கர்டர் என்பது, நிற்கவைத்த எஃகுத் தகடு ஒன்றின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் தடித்த பட்டைகளைப் பற்றவைத்து, ஐ வடிவில் உண்டாக்கும் பேருத்திரம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 அடி உயரம் கொண்டது. இரு முனைகளிலும் வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் தூண்களில் அமர்கிறது. நான்கு கர்டர்களுக்கு எட்டுத் தூண்கள். கர்டருக்குக் கர்டர் 60 அடி. இருபுறமும் கடைசிக் கர்டரைத் தாண்டிக் கூரை 20 அடி நீண்டு நிற்கிறது. மூன்று அறுபதும் இரண்டு இருபதும் சேர்ந்தால் 220 அடி நீளம் வந்துவிடும்.

24 அடி இடைவெளியில் தூண் வைத்தவர் 120 அடியை ஒரே பாய்ச்சலில் கடந்ததன் பொருளைக் கணக்கில் வைத்துப் பார்க்கவேண்டும். சீராகப் பரவிய சுமையைத் தாங்கும் உத்திரத்தை வளைக்க முயலும் விசை, நீளத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. இடைவெளி ஐந்து மடங்கானால் அந்த விசை இருபத்தைந்து மடங்காகிறது. அதை எதிர்க்க உத்திரத்தின் ஆழத்தைக் கூட்டுவதே சிக்கனமான வழி. அந்த ஆழத்தைக் கூரைக்குக் கீழே வைத்திருந்தால், கூடத்தின் மேற்பரப்பை நான்கு இடங்களில் ஆளுயரத் தடுப்புகள் குறுக்கே வெட்டியிருக்கும். கர்டர்களைக் கூரைக்கு மேலே நிறுத்திக் கூரையை அவற்றின் அடியில் தொங்கவிட்டதால், உள்ளிருந்து பார்ப்பவருக்கு ஒரே சமதளம் மட்டும் தெரிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ, அந்தச் சமதளத்தைத் தூக்கிப் பிடித்திருப்பது எது என்பது முதல் பார்வையிலேயே விளங்குகிறது. அலும்னை மெமோரியல் ஹாலின் மூலையில் ஒளிந்திருந்த தூண், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, கருவண்ணம் பூசி வெளியே வந்து நின்றது. 60 அடி என்பது 24இன் மடங்கு அன்று என்பதையும் கவனிக்கவேண்டும்: வளாகம் முழுவதற்கும் தாம் விதித்த அளவை, அதன் மையமான கட்டடத்தில் மீஸே கைவிட்டார். ஒழுங்கை வகுத்தவர் அதைவிடப் பெரிய தேவை வந்தபோது மீறினார் என்பது அவருடைய கொள்கைப் பிடிவாதத்தைப்பற்றிய பொதுக்கருத்தை ஓரளவு திருத்துகிறது.

கூடத்தின் தரை நிலமட்டத்திலிருந்து ஏறத்தாழ 6 அடி உயர்ந்திருக்கிறது. தெற்கு வாயிலில், டிராவர்ட்டின் என்னும் சுண்ணக்கல் பதித்த அகலப் படிகள் ஒரு நடுமேடைக்கு ஏறி, அங்கிருந்து மீண்டும் வாயிலுக்கு ஏறுகின்றன. படிகளுக்கு இடையில் வெளி தெரிவதால் மேடை காற்றில் மிதப்பதுபோல் தோன்றும். சுவர் என்று சொல்லத்தக்கது கண்ணாடி மட்டுமே. 10 அடிக்கு ஒன்றாக நிற்கும் எஃகுச் சட்டங்களுக்கு இடையில் மேற்பகுதிக் கண்ணாடி தெளிவானது, கீழ்ப்பகுதிக் கண்ணாடி ஒளியை மட்டும் விட்டு உருவத்தை மறைப்பது. எனவே வரைபலகையின் முன் அமர்ந்திருக்கும் மாணவருக்குத் தெருவில் நடப்பவர் தெரிவதில்லை. வானமும் மரக்கிளைகளும் தெரிகின்றன. உள்ளே தமிழகத்தில் மொசைக் என்று வழங்கும் டெராசோத் தரை. கூரையைத் தொடாமல் நிற்கும் ஓக் மரத் தடுப்புகள். முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே கூரையின் கீழ் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக்கொண்டே கற்கும் இந்த ஏற்பாட்டில், பாடத்திட்டமே கட்டடமாகிவிட்டது எனலாம். வகைவகையான பயன்களுக்கு இடம் கொடுக்கக்கூடிய, எந்த ஒரு பயனுக்கும் கட்டுப்படாத இத்தகைய பெருங்கூடத்தைக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் பொதுவெளி என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பர்.

அந்தப் பொதுவெளிக்கு ஒரு விலையும் உண்டு. அலுவலகம், பட்டறை, கழிப்பறை என்று தடுத்தே தீரவேண்டிய யாவும் கீழே அடித்தளத்துக்குப் போயின. லாஸ்லோ மொஹோலி-நாகி 1937இல் சிகாகோவில் தொடங்கிய புதிய பௌஹவுஸின் வழிவந்ததும், 1949இல் இக்கழகத்துடன் இணைந்ததுமான வடிவமைப்புக் கல்லூரிக்கும் அந்த அடித்தளமே இடமாயிற்று. பௌஹவுஸின் இரண்டு கிளைகள் ஒரே கட்டடத்தில் சந்தித்தபோது, ஒன்று வெளிச்சத்திலும் மற்றொன்று அதன் கீழும் அமர்ந்தன. ஒற்றைக் கண்ணாடிச் சுவர் கோடை வெப்பத்தையும் மிச்சிகன் ஏரியின் குளிர்காற்றையும் தடுக்க வலுவற்றது என்பதும், ஒரு மூலையில் எழும் பேச்சு மறு மூலைவரை பரவும் என்பதும் குறைகளே. மேலே இருக்கும் தெளிவு கீழே இருக்கும் நெரிசலால் இயன்றது என்பதை ஒப்புக்கொள்ளாமல் இக்கட்டடத்தைப் புகழ்வது பாதி உண்மையைச் சொல்வதாகும்.

மெக்கா

கிரௌன் ஹால் எழுந்த மனை வெற்றுநிலம் அன்று. 1893இல் சிகாகோவில் நடந்த கொலம்பஸ் உலகக் கண்காட்சியை எதிர்நோக்கி, வில்லோபி எட்புரூக், ஃபிராங்க்ளின் பர்ன்ஹாம் என்னும் இரு கட்டடக் கலைஞர்கள் 1892இல் கட்டிய மெக்கா என்ற நான்கு மாடிக் குடியிருப்பு அங்கே நின்றது. ஏறத்தாழ நூறு வீடுகளைக் கொண்ட அதன் சிறப்பு, உட்புறத்தில் இருந்த இரு பெரிய முற்றங்கள். கண்ணாடிக் கூரை வழியாக ஒளி இறங்கும் முற்றத்தைச் சுற்றி, மாடிதோறும் அழகிய இரும்புக் கிராதி போட்ட நடைகள் ஓடின. வீடுகளின் கதவுகள் அந்த நடைகளில் திறந்தன. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துப் பேசவும், குழந்தைகள் ஓடி விளையாடவும் கண்ணாடியும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கிய பொதுவெளி அது.

தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வடக்கே குடிபெயர்ந்த காலத்தில், 1910களிலிருந்து, மெக்கா அவர்களுடைய இல்லமாயிற்று. 1920களில் அதன் பெயரைத் தாங்கிய புளூஸ் பாடல் ஒன்று இசைத்தட்டாக வெளிவரும் அளவுக்கு அது புகழ் பெற்றிருந்தது. ஆனால் நகரின் மற்றப் பகுதிகளில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வெள்ளையர் தமக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள் இருந்தமையால், வந்தவர் அனைவரும் ஒரே பகுதிக்குள் அடைபட்டனர், வீடுகள் நெருக்கப்பட்டன, பராமரிப்பு குன்றியது. வளாகத்தை விரிவாக்க நிலம் தேடிய கழகம் மெக்காவை வாங்கியது இடிப்பதற்காகவே. குடியிருந்தோர் எளிதில் பணிந்துவிடவில்லை. 1943இல் இல்லினாய்ஸ் மாநிலச் சட்டமன்றம் இடிப்பைத் தடுக்கும் சட்டவரைவை நிறைவேற்றும் அளவுக்கு அவர்களுடைய எதிர்ப்பு வலுவாக இருந்தது. ஆளுநர் ஒப்புதல் மறுத்தார். ஹார்ப்பர்ஸ் இதழில் ஜான் பார்ட்லோ மார்ட்டின் 1950இல் மெக்காவைப்பற்றி நெடிய கட்டுரை எழுதினார். 1952 ஜனவரியில் இடிப்பு தொடங்கியது. இளம்வயதில் அக்கட்டடத்தில் சிலகாலம் வேலை பார்த்தவரும், புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினக் கவிஞருமான குவெண்டலின் புரூக்ஸ், 1968இல் வெளியிட்ட தம் நூலுக்கு மெக்காவின் பெயரையே வைத்தார்.

இதில் மீஸின் பொறுப்பு என்ன என்ற வினாவுக்கு இரு வகையான எளிய விடைகள் சொல்லப்படுவதுண்டு. நிலம் வாங்கியதும் இடித்ததும் நிர்வாகத்தின் முடிவுகள், கட்டடக் கலைஞர் வரைந்தவர் மட்டுமே என்பது ஒன்று. அவருடைய வெறுமையே வன்முறை என்பது மற்றொன்று. இரண்டும் போதா. 1940களில் அவர் அலுவலகம் உருவாக்கிய புகழ்பெற்ற படம் ஒன்றில், அப்பகுதியின் வான்வழி ஒளிப்படத்தின்மேல் புதிய வளாகத்தின் மாதிரி ஒட்டப்பட்டிருக்கிறது: சுற்றிலும் நெருக்கமான கூரைகள், நடுவில் தெளிந்த வெண்கட்டங்கள். 24 அடிக் கட்டம், தன் கீழே ஏற்கெனவே இருந்த தெருக்களையும் வீடுகளையும் கணக்கில் எடுக்காமலேதான் வரையப்பட்டது. அவருடைய கோடுகள் இடிப்பை ஆணையிடவில்லை; ஆனால் இடிப்பு முடிந்த நிலம் எப்படி இருக்கும் என்பதை, இடிப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, அழகாகக் காட்டிவிட்டன. ஓர் எஃகுச் சட்டம் தரையைத் தொடுகிறதா இல்லையா என்பதில் அத்தனை நேர்மை காத்த ஒரு கலைஞரின் பார்வை, தரையில் வாழ்ந்தவர்மீது படியாமல் போனது இக்கட்டடத்தின் வரலாற்றில் மெய்யான குறை.

1956க்குப் பின்

கிரௌன் ஹால் 1956 ஏப்ரல் 30 அன்று திறந்துவைக்கப்பட்டது. மீஸ் 1958இல் துறைத் தலைமையிலிருந்து விலகினார். எனினும் கட்டமைப்பை வெளிக்காட்டும் அந்தப் பாடம் அங்கே தொடர்ந்தது. டாக்காவில் பிறந்து சிகாகோவில் உயர்மாடிக் கட்டுமானத்தின் போக்கையே மாற்றிய பொறியாளர் ஃபஸ்லுர் கானும், மீஸின் மாணவர் மைரன் கோல்ட்ஸ்மித்தும் 1960களில் இங்கே கற்பித்தனர். வெளிச்சுவரிலேயே குறுக்குச் சட்டங்களைக் காட்டி நிற்கும் 100 மாடி ஜான் ஹேன்காக் கட்டடத்தின் சிந்தனை வளர்ந்த சூழல் இதுதான். மீஸோ, 1968இல் திறக்கப்பட்ட பெர்லின் புதிய தேசியக் கலைக்கூடத்தில் இதே வினாவுக்கு மீண்டும் விடை எழுதினார். அங்கேயும் எட்டுத் தூண்களே. ஆனால் பக்கத்துக்கு 64.8 மீட்டர் கொண்ட சதுரக் கூரையில் உத்திரங்கள் இரு திசைகளிலும் ஓடுகின்றன. கலைப்பொருள்களின் பெரும்பகுதி, இங்கே பட்டறைகள் போலவே, கீழ்த்தளத்துக்குச் சென்றது.

2001இல் கிரௌன் ஹால் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2005இல் அதன் கண்ணாடிகள் மாற்றப்பட்டு, எஃகுச் சட்டங்கள் துரு நீக்கி மீண்டும் கருவண்ணம் பூசப்பட்டன. கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் அந்தக் கூடத்தில்தான் வரைகிறார்கள். 2018இல் கட்டடத்தை ஒட்டிய நிலத்தைப் பணியாளர்கள் தோண்டியபோது, மெக்காவின் அடித்தளத்தில் பதித்திருந்த வண்ண ஓட்டுத் தரை, குறிப்பிடத்தக்க சிதைவின்றி மண்ணுக்கடியில் கிடைத்தது.